கயிறில்லாத மேடை

சாண்டா மேடைக்குக் கயிறு கிடையாது.
எட்டு மீட்டருக்கு எட்டு மீட்டர்,
இடுப்பளவு உயரம்,
நாலு பக்கமும் வெறும் விளிம்பு, கீழே மெத்தை.
குத்துச்சண்டைக்காரிக்குச் சாயவாவது ஏதோ இருக்கிறது.

டாண்டினோங் உள்ளரங்கு. ஜூலைக் குளிர்.
காலையில் நிறுத்தார்கள்:
ஐம்பத்தாறு கிலோவுக்கு மேலே நூறு கிராம்.
தோட்டைக் கழற்றினேன், மூக்குத்தியைக் கழற்றினேன்,
குப்பைப் பையைப் போர்த்துக்கொண்டு
கார் நிறுத்துமிடத்தை அரைமணி நேரம் சுற்றினேன்.
வயது முப்பத்தெட்டு. கோழித் தொழிற்சாலையில் இரவு வேலை.
யாரும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

எதிரி பெயர் ஃபெலிசிட்டி குவோக்.
பல் சுத்தம் செய்கிறவள்.
சின்னக் கைகள், முடியாத கால்கள்.
சீட்டுக் குலுக்கியதில் அவள் சிவப்பு, நான் கறுப்பு.
எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது.

முதல் சுற்றில்
அவள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.
ஒரு எட்டு வைத்தாள், நான் ஒரு எட்டுப் பின்னால்.
தோளை அசைத்தாள், நான் இரண்டு எட்டு.
மேடை முடிந்துவிட்டது.
மல்லாந்து கிடந்தபோது
கூரைக் கம்பியில் ஒரு கூடைப்பந்து சிக்கியிருந்தது.
ஏறினேன். மறுபடி மேடை முடிந்தது.
பந்து அங்கேயே இருந்தது.
இரண்டு தரம் விழுந்தால் சுற்று போச்சு. சட்டம்.

"எங்கே வலிக்குது?" என்றான் மிலோஷ்,
என் பயிற்சியாளன், இருபத்தாறு வயது, வாயில் சூயிங்கம்.
எங்கும் இல்லை.
அவள் என்னைத் தொடவே இல்லை.
வரிசையில் இடம்விட்டு, ரயிலில் முழங்கை ஒடுக்கி,
மேற்பார்வையாளன் பேசப் பேசக்
குளிரறைக் கதவுவரை நகர்ந்து நகர்ந்து
என் குதிகாலுக்கு எல்லா விளிம்பும் மனப்பாடம்.

அடுத்த சுற்று. உதை வந்தது.
விலாவில் வாங்கினேன். வாங்கின கையோடு பிடித்தேன்.
அக்குளுக்குள் அவ்வளவு நீளமான கால்,
விலை கேட்காமல் வாங்கிவிட்ட சாமான் போல.
என்ன செய்வதென்று தெரியவில்லை.
பிறகு இடுப்பு தானாகத் திரும்பிற்று.
ஈரச் சாக்கை இறக்கின மாதிரி ஒரு சத்தம்.
நின்றுகொண்டிருந்தது நான்.

மூன்றாவதை அவள் எடுத்தாள். நியாயம்தான்.
மேடையில் சிந்தின கொஞ்ச ரத்தம் என் மூக்கினுடையது.

முஷ்டியை உள்ளங்கையில் வைத்து வணங்கினோம்.
பல்லுறையைத் துப்பினேன்.
"வாயைத் திற," என்றாள்,
கைபேசி வெளிச்சத்தோடு கிட்டே வந்து,
இன்னும் கிட்டே,
அவள் வியர்வை என் கன்னத்தில் சொட்டும் தூரம்.
திறந்துகொண்டு நின்றேன்.

"வலது கடைவாயில் சொத்தை," என்றாள்.
"தள்ளிப்போடாதே."