பட்டியலில் விட்டுப்போனது

வக்கீல் தாளில் தெளிவாகவே இருந்தது.
சாம்பல் நிற ஃபெர்குசன் டிராக்டர், 1951, ஒன்று:
மெயிர்வென்னுக்கு. அதாவது எனக்கு.
கிழங்கு தோண்டும் சுழற்றி, ஒன்று: கெதினுக்கு.
சேவலும் அவனுக்குத்தான்.
அது இரண்டாம் நாளே ஓடையைத் தாண்டி வந்து
என் கொட்டகைக் கூரையில் நின்று கூவியது.

டிராக்டரின் முதுகிலிருந்து
சுழற்றியின் வயிற்றுக்கு வேகத்தைக் கொண்டுபோகும் தண்டு,
இரு முனையிலும் மூட்டு வைத்த மூன்றடி இரும்பு,
அதைப் பற்றி ஒரு வரி இல்லை.
அப்படி ஒன்று இருப்பதே
கார்டிகன் ஊர் வக்கீலுக்குத் தெரிந்திருக்காது.
எங்களுக்கும் ஏனோ சொல்லத் தோன்றவில்லை.

ஆகவே ஆறு மாதம் என் சுவர் ஆணியில்,
ஆறு மாதம் அவன் சுவர் ஆணியில்.

ஏப்ரலில் நட்டேன்.
முட்டை அட்டைகளில் முளைவிட்டிருந்த ஆரன் விக்டரி.
தோல் கத்தரிக்காய் நிறம், உள்ளே சுண்ணாம்பு வெள்ளை.
நடவுக் கருவியின் பின்னிருக்கைக்கு
மேட்டு வீட்டு ஷோனெட்டைக் கூலிக்கு அழைத்தேன்.
சக்கரம் உருள உருள மணி அடிக்கும்.
ஒரு மணிக்கு ஒரு கிழங்கு, குழாய்க்குள்.
டிங். போடு. டிங். போடு.
மூன்றாவது சாலில் ஷோனெட் யாரையோ நினைத்துக்கொண்டாள்.
ஜூனில் அது எல்லோருக்கும் தெரிந்தது:
பச்சைக்கு நடுவே
ஏழடி நீள வெறும் மண்.

பதினோரு வருடம் அந்த இருக்கையில் அவன் இருந்தான்.
நான் முன்னால், கடல் பக்கம் பார்த்து.
அவன் பின்னால், மலை பக்கம் பார்த்து.
ஒரு மணியைக்கூட அவன் தவறவிட்டதில்லை.
மற்றதையெல்லாம் தவறவிட்டான்.
நானும்தான்.

ஆகஸ்டில் ஒருநாள் போன் செய்தான்.
"இலையில் கருப்பு விழுந்திருக்கு."
"பார்த்தேன்."
"தழையை வெட்டிடு, கிழங்குக்கு இறங்கிடும்."
"வெட்டியாச்சு."
அந்த வருடம் நாங்கள் பேசியதிலேயே நீளமான பேச்சு அது.

செப்டம்பரில் மழை நான்கு நாள் விடுப்பு எடுத்தது.
சுழற்றியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தான்.
மடியில், உர மூட்டைச் சாக்கில் சுற்றிய தண்டு.
பிரித்துப் பார்த்தேன்:
மூட்டுகளில் புது கிரீஸ், துருப் பொட்டு இல்லை.
என் முறையில் நான் அப்படி வைத்திருந்ததில்லை.

மாட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும்.
ஒருவர் படுத்துத் தள்ள, ஒருவர் நின்று திருப்ப.
பல்லும் பள்ளமும் நேர்ப்பட்டால்தான் உள்ளே போகும்.
"கொஞ்சம் திருப்பு."
"இவ்வளவா?"
"கூடிப்போச்சு. பின்னால வா."
"வந்துட்டேன்."
"இன்னும் ஒரு மயிரிழை."
டக்.

பிறகென்ன, ஊரே கேட்கும் இரைச்சல்.
இரும்பு விரல்கள் மேட்டுக்குள் புகுந்து
மண், கல், புழு, கிழங்கு என்று பாகுபாடில்லாமல்
பக்கத்து வலைமேல் வாரி இறைத்தன.
கடற்காக்கைகள் எங்கிருந்தோ வந்து இறங்கின.
ஐந்தாவது சாலில் பாறை தட்டி
வெட்டு ஆணி முறிந்தது. மாற்றினான்.
ஏழாவதில், ஓட்டை வலைக்குள் நுழைந்து வந்த கிழங்கு ஒன்று
அவன் காதில் அறைந்தது.
சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன்.
முடியவில்லை.
அவன் காதைத் தடவிப் பார்த்து,
கீழே கிடந்த கிழங்கைப் பார்த்து,
"நல்ல பருமன்" என்றான்.

முப்பத்தொரு மூட்டை.
பதினைந்து பதினைந்தாகப் பிரித்தோம்.
ஒற்றையை ஷோனெட்டுக்கு என்றேன்.
"விட்ட கிழங்குக்குப் பரிசா?" என்றான்.
அதற்குள் மேற்கே கருத்து, முதல் துளி விழுந்தது.
"நாளைக்கு வந்து கழற்றிக்கிறேன்" என்று
டிரெய்லரில் மூட்டைகளோடு போய்விட்டான்.

இன்று நான்காவது நாள்.
சுழற்றியை முதுகில் மாட்டிக்கொண்டு
முற்றத்தில் நனைகிறது டிராக்டர்.
இதை வைத்துக்கொண்டு விறகு இழுக்க முடியாது,
எரு அள்ள முடியாது.
தண்டின்மேல் அந்த உர மூட்டைச் சாக்கைப் போர்த்தினேன்.
போன் செய்யவில்லை.

சேவல் அதன்மேல் ஏறி நின்று
இரண்டு பண்ணைக்கும் பொதுவாகக் கூவுகிறது,
மத்தியானம் மூன்று மணிக்கு.