பையின் உட்புறம்

விடின் நகரில், டான்யூப் ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி
அஸேன் தொய்ச்செவின் ரொட்டிக் கடை.
பதினோரு வருஷமாக
அவன் என்னோடு பேசியதெல்லாம் ‘முழுசா, பாதியா?’
நான் பேசியதெல்லாம் ‘முழுசு.’
கணவர் போன பிறகு ‘பாதி.’
மாறிய அன்று அவன் ஏன் என்று கேட்கவில்லை.
அந்தக் கேட்காமைக்காகவே
நான் வேறு கடை தேடவில்லை.

மார்ச்சில் பைகள் மாறின.
கோதுமைக் கதிர் இருந்த இடத்தில்
கட்டை எழுத்தில் ஒரு கட்டளை,
ஆச்சரியக்குறி மூன்று.
கல்லாவுக்குப் பின்னால் கொடி.
ரசீதில், மொத்தத் தொகைக்கும் கீழே,
என் மனசாட்சி என்ன செய்யவேண்டும் என்று ஒரு வரி.

எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள்.
சொன்னால் உங்களில் பாதிப் பேர்
இந்தத் தாளை இங்கேயே மடித்துவிடுவீர்கள்,
மீதிப் பேர் என்னைக் கட்டிக்கொள்வீர்கள்.
இரண்டிலும் வயிறு நிறையாது.

கோபம் வந்தது.
அவன் சொன்னது தப்பு என்பதால் அல்ல.
படிக்கட்டில் நான்காம் மாடி ஸ்தோயன்கா
பையைப் படித்துவிட்டு
என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள்,
ஏதோ எங்களுக்குள் ரகசியம் போல.
முதல் மாடிக்காரர் லிஃப்ட் கதவைப் பிடித்து வைக்கவில்லை.
அரைக் கிலோ ரொட்டிக்காக
நான் ஒரு கட்சியில் சேர்ந்திருந்தேன்.

சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன்.
பிளாஸ்டிக் உறையில் துண்டு போட்ட ரொட்டி.
கருத்து ஏதும் இல்லை அதற்கு,
ருசியும்.
பத்தொன்பது நாள் கொள்கையோடு மென்றேன்.
பர்ஸில் அஸேன் கடை அட்டை:
ஒன்பது முத்திரை, பத்தானால் ஒரு ரொட்டி இலவசம்.
கிழிக்க எடுத்தேன்.
எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

இருபதாம் நாள் போய் நின்று
‘பாதி’ என்றேன்.
‘பையைத் திருப்பித் தர முடியுமா,
உள்பக்கம் வெளியே வர?’

எனக்குப் பின்னால் வரிசை பேச்சை நிறுத்தியது.
முதல் தடவையாக அஸேனின் வாய்
ஒரு ‘ஏன்’ கேட்கத் திறந்தது.
மூடியது.
‘அட்டை இருக்கா?’ என்றான்.
குழந்தையின் சட்டையைப் புரட்டுவதுபோல்
மெதுவாகப் பையைப் புரட்டினான், ஓரம் கிழியாமல்.

வெறும் பழுப்புக் காகிதத்தோடு நடந்தேன்.
ஸ்தோயன்கா பார்த்தாள்.
படிக்க ஒன்றுமில்லை.
வானிலை பற்றிப் பேசினாள், பாவம்.

சமையலறையில் திறந்தால்,
சூட்டில் மை இளகி
மேலோட்டில் ஒட்டியிருக்கிறது அவன் வாக்கியம்,
இடம்வலம் மாறி,
ஆச்சரியக்குறி மூன்றும் முன்னால் வந்து.
சீவி எறியலாமா என்று கத்தியை எடுத்தேன்.
ஆனால் அவன் ரொட்டியில் மேலோடுதான் ருசி.
வெண்ணெய் தடவினேன். தின்றேன்.
நாக்கில் உப்பு, கொஞ்சம் அச்சகம்.

ஞாயிறு தேர்தல், கடை கிடையாது.
சனிக்கிழமையே வாங்கி வைக்கவேண்டும்.
அட்டை நிரம்பிவிட்டது.
இலவசமாகத் தருவது முழு ரொட்டிதானாம்,
பாதி தர மாட்டார்களாம்.
அவ்வளவையும் வைத்துக்கொண்டு
நான் என்ன செய்ய?