பாய்க்கு அடியில் ஒரு நட்டு

எங்கள் தரைதான் அவர்களுக்குக் கூரை.
இடையில் முக்கால் அங்குலப் பிளைவுட்,
நான்கு இரும்பு ஆங்கிள்,
மாமனார் இருந்தபோது ஒட்டிய பூப்போட்ட ரெக்சின்.
தாராவியில் இதற்குப் பெயர் இரண்டு வீடு.

கீழ்வீட்டு ஃபேன்
எங்கள் தரையில்தான் தொங்குகிறது.
அதன் நட்டும் வாஷரும்
நான் படுக்கும் பாய்க்கு அடியில், இடுப்புக்கு நேராக.
மடித்த சாக்கைப் போட்டு
பதினோரு வருடம் தூங்கிவிட்டேன்.
அவர்களுக்குக் காற்று வரும்போதெல்லாம்
என் முதுகு அதிரும்.

ஐப்பசியில் கணக்கெடுக்க வந்தார்கள்.
கீழ்க்கதவில் சிவப்புப் பெயிண்டால் எண் எழுதினார்கள்.
ஏணியை அண்ணாந்து பார்த்தார்கள். ஏறவில்லை.
"மாளா" என்றான் ஒருவன்.
மராத்தியில் அது பரண்.
தமிழில் அதற்கு என்ன அர்த்தமென்று
அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

இவர் கீழே போய்க் கேட்டார்:
பேப்பரில் என் பெயரையும் சேர்த்துவிடு அண்ணே.
பெரியவர் தட்டில் கை கழுவிக்கொண்டே சொன்னார்:
அப்பாவின் ஆஸ்பத்திரி பில்லில்
உன் பெயரைத் தேடிப் பார்த்தேன், இல்லையே.

அவ்வளவுதான்.
ஏணி ஏறி வந்தவர்
அன்று சோற்றில் ரசத்தை ஊற்றிவிட்டு
அப்படியே வைத்துவிட்டார்.

குழாய் கீழ்வீட்டுக்குள் இருக்கிறது.
விடியற்காலை நாலரைக்கு
செல்லக்கனி அக்கா டியூபை இரண்டு தட்டு தட்டுவாள்.
நான் குடத்தை வைப்பேன்.
முன்பெல்லாம் அந்நேரம் யார் வீட்டில் என்ன குழம்பு,
யாருக்கு நாள் தள்ளியிருக்கிறது எல்லாம் பேசுவோம்.
இப்போது தண்ணீர் மட்டும் ஏறி வருகிறது.
ஆனாலும் ஒரு நாளும் அவள் தட்ட மறந்ததில்லை,
புருஷனுக்குத் தெரியாமலா
தெரிந்தேவா, கேட்டதில்லை.

முகிலன் ஓடினால் முன்பு அடட்டுவார்:
மெதுவாடா, கீழே பெரியப்பா தூங்குறார்.
இப்போது சொல்கிறார்:
ஓடுடா, நல்லாக் குதி, பத்து ரூபாய் தரேன்.
பிள்ளை அவர் முகத்தைப் பார்க்கிறான்.
பிறகு நுனிக்காலில் நடந்து
பாத்ரூம் போகிறான்.

சித்திரையில் அந்த ஃபேன் கிரீச்சிட ஆரம்பித்தது.
மூன்று இரவு.
கீழே அகல்யா பரீட்சைக்குப் படிக்கிறாள்.
சரியாக அதற்கு நேர்கீழேதான் அவள் பாய்.

நான்காம் இரவு கரண்ட் போயிற்று.
புழுக்கத்தில் விழித்தேன்.
சாக்கு ஒதுங்கிக் கிடக்கிறது.
வாயில் கடித்த டார்ச்சோடு
முழங்காலிட்டு இருக்கிறார் இவர்,
கையில் பதினேழாம் நம்பர் ஸ்பானர்.

திருகுவது தெரிந்தது.
வலமா இடமா
படுத்த இடத்திலிருந்து தெரியவில்லை.

எழுந்து கேட்டிருக்கலாம்.
அக்கா, பிள்ளையைத் தள்ளிப் படுக்க வை என்று
தரையில் ஒரு தட்டு தட்டியிருக்கலாம்.
நான் கண்ணை மூடிக்கொண்டேன்.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

கரண்ட் வரும்வரை தூங்கவில்லை.
பக்கத்தில் அவரும் தூங்கவில்லை,
மூச்சில் தெரிந்தது.
ஐந்து மணிக்கு வந்தது.
முதுகின் கீழே அது மெல்ல அசைந்து,
சுற்றி, வேகம் பிடித்து,
சத்தமில்லாமல் ஓடியது.

காலையில் ஜன்னலோரம்
பழைய வாஷர் கிடந்தது, தேய்ந்து பிளேடு மாதிரி.
என் சுண்டுவிரலில் கிரீஸ்.

இவர் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.
வியாழக்கிழமை பாந்த்ராவில் வக்கீலைப் பார்க்கணும்,
ரேஷன் கார்டை எடுத்து வை என்றார்.
எடுத்து வைத்தேன்.
அதில் இன்னும்
இரண்டு வீட்டுப் பெயர்களும் ஒன்றாகவே இருந்தன.

கீழே அவர் இருமினார்.
முகிலனிடம் இவர் சொன்னார்:
ஓடுடா.