அரைப் பேர்

சாமிமலைப் பக்கம் மழை பிடித்தால்
தகரத்தின் கீழ் சொல்வதெழுதல் நடக்காது.
"பட்டு" என்று கத்துகிறேன்.
நான்காம் ஆண்டின் இருபத்தொரு கொப்பிகளில்
பதிமூன்றில் "படு".

ப்ப-வை உதட்டில் பார்த்துக்கொள்வார்கள்.
ட்ட-வும் க்க-வும்
வாய்க்குள் கதவைச் சாத்திக்கொள்கிற எழுத்துகள்.
ஆகவே கையைத் தூக்கி நிறுத்தினேன்:
கை மேலே நிற்கும்வரை மூச்சை விடாதே,
இறக்கினதும் விடு.
பட்...
டு.
யதுர்ஷி மட்டும் முகம் சிவக்கப் பிடித்தபடியே இருந்தாள்,
அடுத்த சொல்லுக்கு நான் இறக்க மறந்துபோனதால்.

வெள்ளிக்கிழமை விதி.
நெடிலுக்குப் பின்னால் டு, று வந்து முடிகிற சொல்
இல் வந்து ஒட்டினால் இரட்டிக்கும்.
வீடு, வீட்டில். காடு, காட்டில்.
சோறு, சோற்றில்.
"நாங்க வீட்டில இல்லையே, லயத்திலதானே"
என்றது பின்வாங்கு.
ம் போய் அங்கேயும் ஒரு த் ஏறும்,
அது அடுத்த தவணைப் பாடம் என்றேன்.
"காசு, டீச்சர்?"
காசு இரட்டிக்காது. காசில்தான்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

சுலோஜனின் கட்டுரையில் ஒரு வரி:
"மழையினால் அம்மாவுக்குப் பதினொரு கிலோதான், அரை பேர்."
அரைக்குப் பின்னால் வல்லினம் மிகும்.
சிவப்பில் ஒரு ப் போட்டேன்.
கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டான்,
"இப்ப எவ்வளவு டீச்சர்?"
"என்ன எவ்வளவு?"
"ஒரு எழுத்துக் கூடியிருக்குதானே."

அரைதான் என்றேன்.
நானே உதவி ஆசிரியை,
சம்பளம் இல்லை, கொடுப்பனவு;
அரையைப் பற்றி எனக்குத் தெரியும்.
கொழுந்து மடுவத்தில் தராசு பார்க்கிறவரும்
இதே குரலில்தான் சொல்லியிருப்பார்,
பேனாவை மூடிக்கொண்டே.

திங்களன்று கொப்பி திரும்பி வந்தது.
திருத்தங்களுக்குக் கீழே பெற்றார் ஒப்பம்.
அதன் மேல், தாளின் மறுபக்கம் தடிக்கும் அளவுக்கு
அழுத்தி எழுதிய ஒரே சொல்:
"பார்தேன்."
ர்-க்கும் தே-க்கும் நடுவில், சற்று மேலே,
எறும்பு அளவில் ஒரு த்.
பென்சிலால்.
அழித்தால் போகிற மாதிரி, மெதுவாக.

நான் பார்ப்பதைப் பார்த்து
மேசைக்கு வந்து குனிந்தான்.
"அம்மாகிட்ட சொல்லிறாதீங்க டீச்சர்."