சீட்டு எண் 4417

ராயக்கோட்டை சாலையில், மேம்பாலம் தாண்டி
இடதுபுறம் முனிகிருஷ்ணன் எடை மேடை.
இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை
அதன் சன்னலுக்குப் பின்னால் அப்பா.
பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு
நான் படித்ததும் அங்கேதான்.
வீட்டைவிட வெளிச்சம் அதிகம்.

லோடோடு ஏறினால் ஒரு எடை,
இறக்கிவிட்டு வந்தால் ஒரு எடை,
கழித்தால் நிகர எடை.
வெள்ளைத் தாள் டிரைவருக்கு,
ரோஸ் கம்பெனிக்கு, மஞ்சள் எங்களுக்கு.
மஞ்சளில் பென்சில் நன்றாக ஏறும்.

கிரானைட் கல்லோடு காத்திருந்த ஒருவர்
ஸ்டியரிங்கில் நெற்றி வைத்துத் தூங்கினார்.
நான் வரைந்து முடிக்கும்வரை
அப்பா அவரை எழுப்பவில்லை.
பின்னால் நின்ற மாங்காய் வண்டிதான்
ஹாரன் அடித்து எழுப்பியது.

ஜூனில் ஒரே வாரத்தில் இரண்டு கடிதம்.
கோயம்புத்தூர்: உணவுப் பதப்படுத்தும் பொறியியல்.
நாலு வருடமும் கட்டணம், விடுதி, சாப்பாடு,
புத்தகம்கூட அவர்கள் செலவு.
பெங்களூர்: ஓவியக் கல்லூரி.
பாதிக் கட்டணம் தள்ளுபடி.
மீதிப் பாதி ஆறு லட்சத்து நாற்பதாயிரம்.

அப்பா கால்குலேட்டரை எடுத்தார்.
ஒரு வண்டிக்கு நூறு ரூபாய்.
ஆறாயிரத்து நானூறு வண்டி, என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து,
மேடை நம்முடையதாக இருந்தால், என்றார்.

அம்மா மாங்கூழ் ஃபேக்டரியிலிருந்து வந்தாள்,
மாம்பால் பட்டுத் தோல் உரிந்த கைகளோடு.
"உனக்குப் பிடிச்சதைப் படி."
அதற்குப் பதில்
கோயம்புத்தூர் போ என்று அதட்டியிருக்கலாம்.
ஒருமுறை அழுதுவிட்டுப் போயிருப்பேன்.

பெங்களூர் ஒன்றும் தூரமில்லை.
கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் ஏறினால்
ஓசூர் தாண்டி, இரண்டு மணி நேரம்.
கோயம்புத்தூர் ஐந்து.
பக்கத்து ஊர்தான் எட்டவில்லை.

நேர்காணலில் அந்த அம்மாள்
தூங்கும் டிரைவரைக் கையில் எடுத்தார்.
பார்த்தார். திருப்பினார்.
கிரானைட் பிளாக். 31,480 கிலோ. இரவு 2:16.
"இதில் எது முன்பக்கம்?"
கன்னடத்தில் கேட்டார், சிரித்துக்கொண்டே.
புரிந்தது. பதில்தான் வரவில்லை.

கடைசித் தேதிக்கு முந்தைய இரவு
வண்டி வராத நேரம் பார்த்து
இரண்டு கடிதத்தோடும் மேடையில் ஏறி நின்றேன்.
உள்ளே சிவப்பு எண்: ஐம்பது.
கோயம்புத்தூரை எட்டி வெளியே வைத்தேன். ஐம்பது.
பெங்களூரையும் வைத்தேன். ஐம்பது.
"பத்துக் கிலோவுக்குக் கீழ
அதுக்கு எதுவும் தெரியாதும்மா"
என்று மைக்கில் சொன்னார் அப்பா.
சாலை முழுக்கக் கேட்டது.

மறுநாள் ரவுண்டானா பக்கத்தில்
ஜாவித் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து
கோயம்புத்தூருக்குச் சம்மதம் கொடுத்தேன்.
தியாகம் என்று யாரும் சொல்லவேண்டாம்.
அந்த ஆறாயிரத்து நானூறு வண்டிகளும்
டோல்கேட் வரை வரிசையில் நிற்பது தெரிந்தது.
ஒவ்வொன்றிலும் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.
பிரிண்ட் அவுட்டுக்கு ஐந்து ரூபாய்.

ஆகஸ்டில் கணக்குப் பார்க்க வந்த முனிகிருஷ்ணன்
மஞ்சள் தாளில் ஒன்று குறைகிறது என்றார்.
நான் அனுப்பிய மற்ற படமெல்லாம்
பழைய வருடத்துச் சீட்டு.
4417 மட்டும் நடப்புக் கணக்கு.
சம்பளத்தில் பிடிப்பேன் என்றாராம்.

விடுதியிலிருந்து பெங்களூருக்கு எழுதினேன்.
சேராததற்கு மன்னிக்கவும்,
அந்த ஒரு சீட்டு மட்டும் அவசரமாக வேண்டும்.

பத்து நாளில் உறை வந்தது.
ஒரு கலர் ஜெராக்ஸ், ஒரு துண்டுக் காகிதம்:
"பின்பக்கத்தின் நகலை அனுப்பியிருக்கிறோம்.
கணக்குக்குப் போதும் என்று நினைக்கிறோம்.
படம் இங்கேயே இருக்கட்டுமா?"

எண் தெளிவாக இருந்தது. தேதியும்.
கிலோவுக்குப் பக்கத்தில்
என் பென்சில் அழுத்தியது லேசாக ஊடே தெரிந்தது,
இடம் வலம் மாறி, ஸ்டியரிங்கின் வளைவு.
முனிகிருஷ்ணன் ஒப்புக்கொண்டு
ஃபைலில் கோர்த்துவிட்டார்.

நான் இன்னும் அவர்களுக்குப் பதில் எழுதவில்லை.