நான்கடி

நவம்பர் ஒன்று என்று முதலில் சொன்னது செலின்தான்.
"நமக்கு விடுதலை நாள், அவங்களுக்கு வேலை நாள்.
கோட்டக்குப்பம் தாண்டிட்டா பள்ளிக்கூடமெல்லாம் தொறந்திருக்கும்.
ராட்டினத்துக்கு வரிசையே இருக்காது."
கரண்ட் பில்லின் முதுகில் கணக்கு தொடங்கியது.

ஆறு வருடமாக
அந்த வாசலைக் கடந்துதான் சென்னைக்குப் பஸ் ஓட்டுகிறேன்.
சவுக்குத் தோப்புக்கு மேலே
முதலில் ராட்டினத்தின் நெற்றி தெரியும்,
பிறகு மஞ்சள் தண்டவாளம், அதில் தலைகீழாய் ஒரு பெட்டி.
காற்று இந்தப் பக்கம் அடித்தால் அலறல்.
அலைநாடெல்லாம் எறங்கு என்பார் நடத்துனர்.
இறங்கி ஓடுகிறவர்களை
இடப்பக்கக் கண்ணாடியில் பார்த்ததோடு சரி.

பெரியவர்களுக்கு ஆயிரத்து நானூறு.
இரண்டே முக்காலடிக்குக் கீழே இலவசம், அது ஆல்வின்.
நான்கடி இருந்தால்தான் மஞ்சள் தண்டவாளம்.
ஜெர்லின் ஓர் அங்குலம் குறைவு.
கதவு நிலையில் பென்சில் கோடு போட்ட அன்றிலிருந்து
சன்னல் கம்பியில் தொங்கத் தொடங்கினாள்.

கடல் பார்த்த அறை ஏழாயிரம்.
"கடல் நம்ம தெருமுனையிலயே இருக்கு" என்றாள் செலின்.
தோட்டம் பார்த்த அறை நாலாயிரத்து ஐந்நூறு.
படத்தில் கட்டில்மேல்
வெள்ளைத் துண்டை அன்னமாய் மடித்து வைத்திருந்தார்கள்.
அந்த அன்னத்துக்காகவே அறை வேண்டும் என்றாள் ஜெர்லின்.

விஷயம் அமலதாஸ் மச்சானுக்குப் போனது.
நான்கு பேர் ஒன்பது பேரானோம்.
மச்சான் பெண்டாட்டி விக்டோரியா அக்கா
புடவை தவிர வேறு உடுத்தியதில்லை.
அலைக்குளத்தில் பருத்தி கூடாதாம், நைலான்தானாம்.
காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில்
கறுப்பு முழுக்கை உடுப்பொன்றை
மார்பில் வைத்துப் பார்த்து
"மாதாவே" என்றாள்.
முந்நூறு சொன்னதை நூற்றெண்பதுக்குப் பேசி
இரண்டாக எடுத்துக்கொண்டாள்.

வெளிச்சாப்பாடு அனுமதி இல்லை.
ஆல்வினின் டயப்பர் பையைத் துழாவ மாட்டார்கள்,
புளிசோறு அதற்குள்ளே வரட்டும் என்றது ஒரு கட்சி.
உள்ளேயே வாங்கிச் சாப்பிடலாம் என்றது இன்னொரு கட்சி.
அதில் நான் மட்டும் இருந்தேன்.

அக்டோபர் முப்பது, வங்கக் கடலில் ஒரு சுழி.
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு.
ஒன்றாம் தேதி வழக்கம்போல் வண்டி எடுத்தேன்.
வைப்பருக்கு அந்தப் பக்கம்
ராட்டினம் அசையாமல் நனைந்துகொண்டிருந்தது.

பொங்கலுக்கு டெப்போவில் யாருக்கும் லீவு இல்லை.
மார்ச்சில் பரீட்சை.
மே மாதம் டிக்கெட் ஆயிரத்து அறுநூறு ஆனது,
மச்சான் புது பைக்குக்குத் தவணை கட்டத் தொடங்கினார்.
ஒன்பது மறுபடியும் நாலு.
"உடுப்பு வாங்கிட்டேனே" என்று
விக்டோரியா அக்கா மட்டும் நின்றாள். ஐந்து.

இப்போது ஆகஸ்ட் பதினாறு.
அதுவும் நமக்கு மட்டும் லீவு.
பதினைந்து காலை மாதா திருநாள் பூசை,
மறுநாள் விடிந்தால் பயணம்.
மேலாளர் இரண்டு நாளுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நேற்று ராத்திரி மறுபடி கதவு நிலை.
ஜெர்லின் நான்கடி அரை அங்குலம்.
அவள் போட்ட கூச்சலில் மாடிக்காரர் எட்டிப் பார்த்தார்.
அடுத்து ஆல்வின்.
பழைய கோட்டுக்கு மூன்று விரல் மேலே நின்றான்.
செலின் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
"கொஞ்சம் குனிஞ்சு நில்லுடா" என்றாள்.
அவன் குதிகாலை உயர்த்தினான்.

ஐந்து நாற்பது வண்டி.
ஓட்டப்போவது பிலவேந்திரன்.
நல்ல கைதான். ஆனாலும்
மரக்காணம் வளைவில் என் வலது கால்
இல்லாத பிரேக்கை மிதிக்கும், எனக்குத் தெரியும்.
அதை வீட்டில் சொல்லவில்லை.

மஞ்சள் தண்டவாளத்தில்
பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார வேண்டுமாம்.
பில்லின் ஓரத்தில் என் பெயரை எழுதி
கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறாள் செலின்.