ஒன்றரை மீட்டர்

காமிரா நம்பவில்லை.
லென்ஸ் பொருத்தப்படவில்லை என்று
திரையில் எழுதுகிறது.
தார்த்துவில் ஒரு மருந்தாளரிடம்
முப்பத்தைந்து யூரோவுக்கு வாங்கிய ஹீலியோஸ்
அதன் வாயில்தான் இருக்கிறது,
இடையில் ஓர் அலுமினிய வளையத்தைத் தரகனாக வைத்து.
மின்முனை கிடையாது.
தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள
ஒரு வார்த்தை கிடையாது.
மெனுவின் ஏழாம் பக்கம் போய்
'லென்ஸ் இல்லாமலும் எடு' என்பதற்கு
ஆம் சொன்னேன்.
இனி இல்லாத ஒன்றின் வழியாகப் பார்க்க வேண்டும்.

பெய்ப்சி ஏரி உறைந்து கிடக்கிறது.
அந்தப் பக்கம் ரஷ்யா. இங்கிருந்து பார்த்தால்
அதுவும் பனிதான்.
ராய்கோ மைக்குக்கு ரோமத்தொப்பி மாட்டுகிறான்,
தன்னுடையதை வேனில் மறந்துவிட்டு.

முகத்தை எடுக்காதே என்றார் எவ்லாம்பி முதலில்.
இரண்டு விரலால் சிலுவைக்குறி இட்டார்,
துளைக்கருவியை நெஞ்சில் சாய்த்துப்
பனியைக் குடைந்தார்.
பாதித் துளையில் நிமிர்ந்து,
எடுப்பதானால் கிட்டே வந்து எடு என்றார்.
தூர நின்று பார்க்கிறவர்களை
இந்த ஏரியில் எங்களுக்குப் பழக்கம், பிடிக்காது.

முதல் ஒரு மணி நேரம்
வளையம் விரலுக்குப் பணிந்தது.
தாடியிலிருந்து துளைக்கு,
துளையிலிருந்து கையுறையின் கிழிசலுக்கு.
திருப்பும்போதெல்லாம் சட்டகம் கொஞ்சம்
உள்ளிழுத்து வெளிவிடும், தூங்குகிறவன் வயிறு மாதிரி.
தாழ்ந்த சூரியன் கண்ணாடிக்குள் இறங்கி
ஆரஞ்சுக் கறையாகப் பரவியது.
துடைக்கப் போய்த்தான் நினைவு வந்தது,
அது வெளியே இல்லை.

பிறகு மைனஸ் பத்தொன்பது.
எழுபத்தொன்பதில் எவரோ பூசிய கிரீஸ்
மெழுகாக இறுகி
வளையம் நின்றது. ஒன்றரை என்ற எண்ணில்.
உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினால் கண்ணாடி புகையும்.
வேனில் ஜூம் இருக்கிறது, தானே குறிபார்க்கும், என்றான் ராய்கோ.
போய் எடுத்து வா என்றேன்.
உண்மையாகத்தான் சொன்னேன்.

அவன் அரை கிலோமீட்டர் போவதற்குள்
வலை ஏறத் தொடங்கிவிட்டது.

அவர் முன்னால் வந்தால் நான் பின்னால்.
அவர் குனிந்தால் நானும் மடங்கினேன்.
முழங்காலே வளையம், இடுப்பே வளையம்.
என்ன ஆட்டம் இது த்ரீனூ என்றார்.
சிக்கிக்கொண்டது என்றேன். எவ்வளவில்?
சொன்னேன்.
கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டு
துளைக்கருவியை எடுத்துப் பனியில் கிடத்தினார்,
அவர் பூட்ஸ் நுனியிலிருந்து என் பூட்ஸ் நுனிவரை.
சரியாக இருந்தது.
எல்லை போட்டு வாழ்கிற ஊர், அளவு தெரியும் என்றார்.

வலையிலிருந்து பெர்ச் மீன் ஒவ்வொன்றாக
அந்தத் தூரத்துக்குத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான்
சாக்கில் போட்டார்.
அவருக்குப் பின்னால் நாணலும் சறுக்குவண்டியும்
மாவு கரைத்த தண்ணீராய்ச் சுழன்றன.
நடுவில் ஒரு முகம் மட்டும்
புருவத்துப் பனி எண்ணும்படி
நின்றது.

ராய்கோ வந்தான், மூச்சு வாங்க.
ஜூமை மாட்டினேன். மாட்டாமல் என்ன,
வண்டிகள் கரை திரும்புவதை அகலமாக எடுக்க வேண்டும்.
பச்சைக் கட்டம் ஓடிப்போய்
எவ்லாம்பியின் முகத்தைக் கவ்வியது,
எங்கு போனாலும் விடவில்லை.
அவருக்கு அது தெரியாது.
என்னிடமிருந்து ஒன்றரை மீட்டரில்
கை கட்டி நின்றுகொண்டே இருந்தார்,
போதுமா என்று கேட்கும்வரை.

இரவு விடுதியில் கோப்புகளைத் திறந்தேன்.
ஹீலியோஸ் எடுத்தவை பதினான்கு.
லென்ஸ்: தெரியவில்லை.
குவியத்தூரம்: 0.
துவாரம்: 0.
ஒளி மட்டும் எப்படியோ வந்திருக்கிறது.

கணப்பின் சூட்டில் வளையம் இளகிவிட்டது.
முடிவிலி வரை வழுக்கிப் போகிறது இப்போது.
அதன் பல்லிடுக்கில் ஒரு செதில்.
ஊசியால் எடுக்கலாம்.
நாளை வெளிச்சத்தில் பார்த்துக்கொள்வோம்.